குப்பை மண்ணில் ரேடியம் கண்ட கியூரி அம்மையார்

பாரிஸ் நகரத்தில் லோமோன் தெரு என்று ஒரு தெரு. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் ஒருநாள், நிலக்கரி வண்டி போன்ற ஒரு பெரிய குதிரை வண்டி அங்கே வந்து நின்றது. வண்டி நிறையச் சாக்கு மூட்டைகள். உள்ளேயிருந்து ஒரு பெண்மணி ஓடி வந்தார். மூட்டைகளை இறக்கும் வரைகூட அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு மூட்டையின் கட்டை அறுத்தார். இரண்டு கைகளையும் உள்ளே விட்டு அள்ளிப் பார்த்தார்.

உள்ளே இருந்தது என்ன? பொன்னா? வெள்ளியா? இரண்டும் இல்லை. பழுப்பு நிற மண்! அதில் ஊசி ஊசியாகப் பைன் மரத்து இலைகள் வேறு கலந்து கிடந்தன. ஆஸ்திரியா தேசத்துச் சுரங்கத்தில் வேண்டிய சரக்கை எடுத்துக்கொண்டு, வேண்டாம் என்று காட்டில் கொட்டி வைத்திருந்த கழிவு அது. அந்தக் கழிவைக் கொண்டுவர, அந்தப் பெண்மணியும் அவருடைய கணவரும் தங்கள் சேமிப்பிலிருந்து வண்டிச் சத்தம் கொடுத்திருந்தார்கள்.

அவர்தான் மேரி கியூரி. அந்த மண்ணுக்குள் உலகம் அதுவரை காணாத ஒரு பொருள் ஒளிந்திருக்கிறது என்று அவர் சொன்னார். ரசாயன அறிஞர்கள் பலர் நம்பவில்லை. பொருளைப் பிரித்து எடுத்துக் கையில் காட்டினால் நம்புகிறோம் என்றார்கள். எடுத்துக் காட்டுவதற்கு அவருக்கு ஏறக்குறைய நான்கு வருஷம் ஆயிற்று. அதைத் தனி உலோகமாகவே காட்டி எல்லோர் வாயையும் அடைப்பதற்கு மேலும் எட்டு வருஷம் ஆயிற்று.

வாத்தியார் வீட்டுப் பெண்

போலந்து நாட்டின் வார்ஸா நகரில் 1867-ம் வருஷம் நவம்பர் மாதம் 7-ந் தேதி பிறந்தவள் மரியா ஸ்குவடோவ்ஸ்கா. ஐந்து குழந்தைகளில் கடைக்குட்டி. வீட்டில் மான்யா என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். தகப்பனார் கணிதமும் பௌதிகமும் கற்பிக்கும் ஆசிரியர். தாயார் பெண்கள் பள்ளி ஒன்றை நடத்தி வந்தவர். வீட்டில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. அதற்குள் தகப்பனாருடைய பௌதிகக் கருவிகள். மற்றக் குழந்தைகள் பொம்மையைப் பார்ப்பதுபோல மான்யா அந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டு நிற்பாளாம்.

அந்தக் காலத்தில் போலந்தை ருஷியச் சக்கரவர்த்தியான ஜார் ஆண்டு வந்தார். பள்ளிகளில் போலிஷ் மொழியில் பாடம் நடத்தக் கூடாது. ருஷிய மொழிதான். ஆசிரியர்கள் திருட்டுத்தனமாகத் தாய்மொழியில் சரித்திரம் சொல்லிக் கொடுப்பார்கள். இன்ஸ்பெக்டர் வரும் மணி அடித்ததும் புத்தகங்களை ஒளித்துவிடுவார்கள். ருஷிய மொழி நன்றாகப் பேசத் தெரிந்த மான்யாவை எழுப்பி விடுவார்கள். அவள் ஜார் மன்னர்களின் பெயர்களை வரிசையாக ஒப்பிக்க வேண்டும். பத்து வயதுக் குழந்தைக்கு எவ்வளவு கசப்பான பாடம்!

வீட்டிலும் துயரம் குறையவில்லை. மூத்த அக்காள் விஷ ஜுரத்தில் இறந்தாள். 1878-ல் தாயார் காச நோயால் இறந்தார். மான்யாவுக்கு அப்போது பத்து வயது.

1883-ல் தங்கப் பதக்கத்துடன் பள்ளிப் படிப்பை முடித்தாள். மேலே படிக்க வழி இல்லை. வார்ஸா சர்வகலாசாலையில் பெண்களைச் சேர்க்க மாட்டார்கள். பாரிசுக்குப் போகலாம் என்றால் பணம் இல்லை. அவளுடைய அக்காள் பிரோனியாவுக்கும் அதே ஆசை, அதே முட்டுக்கட்டை. சகோதரிகள் இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். முதலில் அக்காள் பாரிசுக்குப் போய் டாக்டர் படிப்புப் படிக்க வேண்டும். தங்கை வேலை பார்த்துப் பணம் அனுப்ப வேண்டும். அக்காள் டாக்டரான பிறகு தங்கையைக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

இப்படி எத்தனையோ வீடுகளில் பேசிக்கொள்கிறார்கள். கடைசி வரை காப்பாற்றுகிறவர்கள் எத்தனை பேர்? இந்தச் சகோதரிகள் காப்பாற்றினார்கள். கிராமத்துப் பணக்காரர் ஒருவர் வீட்டில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் வேலைக்கு மரியா போனாள். மூன்று வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தாள். ஓய்வு நேரத்தில் கிராமத்துக் குடியானவர்களின் குழந்தைகளுக்குப் போலிஷ் எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். தெரிந்தால் தண்டனை கிடைக்கும். அந்த வீட்டு மூத்த பையன் அவளைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினான். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெண்ணா நம் வீட்டு மருமகள் என்று பெற்றோர் தடுத்துவிட்டார்கள். அந்த அவமானத்தை விழுங்கிக்கொண்டு அவள் அதே வீட்டில் வேலையைத் தொடர்ந்தாள். அக்காளுக்குப் பணம் போக வேண்டுமே!

1891 நவம்பரில் அவள் முறை வந்தது. 24-ம் வயதில் பாரிஸ் வந்து சோர்போன் சர்வகலாசாலையில் சேர்ந்தாள். மாடிக்கு மேல் மாடி ஏறி, கூரைக்கு அடியில் ஓர் அறை. குளிர் காலத்தில் தண்ணீர்ப் பாத்திரத்தில் பனிக்கட்டி படியும். இருக்கிற துணிகளை எல்லாம் மேலே போட்டுக்கொண்டு தூங்குவாள். ரொட்டியும் தேநீருமே பல நாள் சாப்பாடு. பசியால் ஒருநாள் மயங்கி விழுந்ததும் உண்டு. ஆனால் 1893-ல் பௌதிகப் பட்டப் பரீட்சையில் முதலாவதாகத் தேறினாள். அடுத்த வருஷம் கணிதத்தில் இரண்டாவது.

1894-ல் பியர் கியூரியைச் சந்தித்தாள். அவர் பெயர் பெற்ற பௌதிக விஞ்ஞானி. பேச்சுக் குறைவு, பணத்தில் ஆசை இல்லை. 1895-ம் வருஷம் ஜூலை மாதம் 26-ந் தேதி ஆடம்பரம் இல்லாமல் கல்யாணம் நடந்தது. கல்யாணத்துக்கு வந்த அன்பளிப்புப் பணத்தில் இரண்டு சைக்கிள் வாங்கினார்கள். அதில் ஊர் ஊராகச் சுற்றியதுதான் அவர்களுடைய தேனிலவு.

கலவையா, தூய பொருளா?

இனி அம்மையாரின் வேலைக்கு வருவோம். அதற்கு முன் பள்ளிக்கூட ரசாயனப் பாடம் கொஞ்சம் தெரிந்துகொண்டால் நல்லது.

அரிசியில் கல் கிடக்கிறது. முறத்தில் போட்டுப் புடைத்துக் கல்லைப் பொறுக்குகிறோம். அரிசி வேறு, கல் வேறு. இரண்டும் கிடந்தது கலவை. கலவையில் எது எவ்வளவு என்ற கணக்கே கிடையாது. சேர்ந்த பொருள்கள் தங்கள் குணத்தையும் விடுவதில்லை. உப்புக் கரைத்த தண்ணீரும் கலவைதான். கண்ணுக்கு ஒரே பொருளாகத் தெரிகிறது. காய்ச்சிப் பாருங்கள். தண்ணீர் ஆவியாகப் போகும். உப்பு அடியில் நிற்கும்.

சுத்தமான உப்பை எடுத்துக்கொள்வோம். அதை எவ்வளவு நுணுக்கினாலும் சலித்தாலும் உப்பு உப்பேதான். ஆனால் அதற்குள்ளும் இரண்டு பொருள் உண்டு. ஒன்று சோடியம், தண்ணீரில் போட்டால் சீறிக் கொதிக்கும் உலோகம். மற்றொன்று குளோரின், மூச்சை அடைக்கும் விஷ வாயு. இரண்டும் குறிப்பிட்ட ஒரே அளவில் கூடி, தங்கள் குணத்தை இழந்து, நாம் சோற்றில் போடும் உப்பாகி இருக்கின்றன. இதைக் கூட்டுப்பொருள் அல்லது சேர்மம் என்பார்கள். இதைப் புடைத்துப் பிரிக்க முடியாது; ரசாயன முறையில்தான் பிரிக்க வேண்டும்.

தங்கத்தை எந்த ரசாயன முறையிலும் வேறு பொருளாகப் பிரிக்க முடியாது. அது மூலகம் அல்லது தனிமம். இரும்பு, செம்பு, ஈயம், பாதரசம், கந்தகம் எல்லாம் மூலகங்களே. மூலகம், சேர்மம் இரண்டுக்கும் தூய பொருள் என்று பெயர். ஒவ்வொரு மூலகத்துக்கும் ஓர் அணு எடை உண்டு. அதைக் கொளுத்தினால் தோன்றும் ஒளியை ஆராய்ந்தால் அதற்கே உரிய கோடுகள் தெரியும். நம் கைரேகை போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அணு எடையும் ஒளிக் கோடும் இருந்தால்தான் ரசாயனக்காரர் ஒரு புது மூலகத்தை ஒப்புக்கொள்வார். அணு எடை பார்க்க வேண்டுமானால் பொருள் தூயதாக இருக்க வேண்டும். கலப்படம் இருந்தால் கணக்கே தவறிவிடும்.

1896-ல் ஆன்றி பெக்கரல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி ஒரு விந்தை கண்டார். யுரேனியம் என்ற உலோகத்தின் உப்புகள் கண்ணுக்குத் தெரியாத கதிர்களைத் தாமாகவே வீசுகின்றன. வெயில் படவேண்டாம், சூடு காட்டவேண்டாம். டாக்டர் பட்டத்துக்கு எதை ஆராயலாம் என்று தேடிக்கொண்டிருந்த கியூரி அம்மையார் இதை எடுத்துக்கொண்டார். அப்போது அவர் கையில் பிறந்து சில மாதமே ஆன பெண் குழந்தை ஐரீன்.

பியரும் அவருடைய அண்ணனும் முன்பே செய்திருந்த நுட்பமான மின்சாரக் கருவி ஒன்று இருந்தது. அதைக் கொண்டு கதிரின் பலத்தை அளக்கலாம். அம்மையார் கிடைத்த தாதுக்களை எல்லாம் அளந்தார். யுரேனியம் எடுக்கப்படும் தாதுவுக்குப் பிட்ச்பிளெண்ட் என்று பெயர். கீல் போலக் கறுப்பானது. அதை அளந்தபோது முள் எகிறியது. சுத்தமான யுரேனியத்தைவிட ஏறக்குறைய நாலு மடங்கு அதிகம்! தாதுவில் யுரேனியத்தோடு வேறு மண்ணும் கல்லும் கலந்திருக்கின்றன. கதிர் குறைய அல்லவா வேண்டும்? கருவி கெட்டுவிட்டதோ என்று திரும்பத் திரும்ப அளந்தார். அதே விடை.

அப்போது அவர் ஒரு சோதனை செய்தார். எளிமையான சோதனை, என் மதிப்பில் அவர் செய்தவற்றிலேயே அழகானது இதுதான். சால்கோலைட் என்ற மற்றொரு தாதுவும் இப்படியே யுரேனியத்தைவிடப் பலமாக இருந்தது. அது இன்ன இன்ன பொருள் சேர்ந்தது என்று ரசாயனத்தில் தெரியும். அந்தப் பொருள்களைத் தூயனவாக எடுத்து, ஆராய்ச்சி சாலையிலேயே சால்கோலைட்டைத் தயாரித்தார். மண்ணுக்கடியில் கிடைத்ததும் இதுவும் ஒரே பொருள். ஆனால் தயாரித்ததில் அந்த அதிகப் பலம் இல்லை. யுரேனியத்துக்கு உள்ள பலமே இருந்தது.

இதற்கு என்ன அர்த்தம்? மண்ணுக்கடியில் கிடைத்தது தூய பொருள் அல்ல. யாரும் அறியாத ஏதோ ஒன்று அதில் கலந்திருக்கிறது. கதிர் அதிலிருந்துதான் வருகிறது!

பியர் தம் சொந்த ஆராய்ச்சியை நிறுத்தி வைத்துவிட்டு மனைவியோடு சேர்ந்தார். 1898 ஏப்ரலில் 100 கிராம் பிட்ச்பிளெண்டை உரலில் இடித்துத் தொடங்கினார்கள். திராவகத்தில் கரைத்து, ஒவ்வொரு மூலகமாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் கருவியில் அளந்தார்கள். கதிர் இல்லாத பகுதியைத் தள்ளினார்கள். உள்ள பகுதியை மேலும் பிரித்தார்கள். கடைசியில் இரண்டு பகுதிகளில் கதிர் குவிந்தது. ஜூலையில் முதல் பொருளை அறிவித்தார்கள். உலகப் படத்தில் தனி நாடாக இல்லாத தம் தாய்நாட்டின் நினைவாக அம்மையார் அதற்குப் பொலோனியம் என்று பெயர் வைத்தார். டிசம்பர் 26-ந் தேதி இரண்டாவதை அறிவித்தார்கள். அதுதான் ரேடியம்.

அதே வருஷம் அம்மையார் சமையல் புத்தகத்தின் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். எட்டு ராத்தல் பழம், அதே எடை சர்க்கரை, பத்து நிமிஷம் கொதி, பிறகு மெல்லிய சல்லடையில் வடிகட்டல். பதினாலு ஜாடி பழப்பாகு. ரேடியம் பிடித்த கைதான் அதையும் கிளறியது.

ஒழுகும் கொட்டகை

பெயர் வைத்தாகிவிட்டது. பொருளைக் காணோம்! கையில் இருந்தது பேரியம் என்ற மூலகத்தின் உப்போடு கலந்த துளி ரேடியம். புது ஒளிக் கோடு தெரிந்தது. அணு எடை பார்க்கும் அளவுக்குப் பொருள் இல்லை. தாதுவில் நூற்றில் ஒரு பங்காவது இருக்கும் என்று முதலில் எண்ணினார்கள். பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. ஏழு டன் பிட்ச்பிளெண்டை அலசினால் ஒரு கிராம் தேறலாம்.

அவ்வளவு தாதுவுக்கு எங்கே போவது? பிட்ச்பிளெண்ட் விலை மிக்கது. பொஹீமியாவில் யோவாக்கிம்ஸ்தால் என்ற ஊர்ச் சுரங்கத்தில் அதைத் தோண்டி, கண்ணாடிக்கு வர்ணம் சேர்க்க யுரேனியத்தை எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிடுவார்கள். (அமெரிக்க டாலருக்கு அந்தப் பெயர் வந்ததே இந்த ஊர் வெள்ளியில் அடித்த பழைய நாணயத்தால்தான்.) யுரேனியம் போனாலும் ரேடியம் மிச்சத்தில் இருக்குமே என்று கியூரி தம்பதிகள் கணக்குப் போட்டார்கள். ஆஸ்திரிய அரசாங்கம் ஒரு டன் கழிவை இனாமாகக் கொடுத்தது. முதலில் பார்த்தோமே, அந்த மூட்டைகள் இவைதாம். பிறகு மேலும் பல டன் வந்தது.

வேலை செய்ய இடம்? பியர் ஆசிரியராக இருந்த தொழிற் பள்ளியின் முற்றத்தில் ஒரு பழைய கொட்டகை. ஒரு காலத்தில் வைத்திய மாணவர்கள் பிணம் அறுத்துப் படித்த இடம். கண்ணாடிக் கூரை, மழை பெய்தால் ஒழுகும். கோடையில் அடுப்பு, குளிர் காலத்தில் பனி. பிறகு இதைப் பார்க்க வந்த ஜெர்மானிய ரசாயன அறிஞர் ஆஸ்ட்வால்ட், குதிரை லாயமோ உருளைக்கிழங்குக் கிடங்கோ என்று நினைத்தாராம்.

அம்மையார் ஒரு தடவைக்கு இருபது கிலோ வரை கழிவை எடுப்பார். சோடா உப்பு நீரில் போட்டுக் கொதிக்க வைப்பார். கழுவுவார். உப்புத் திராவகத்தில் கரைப்பார். கந்தகத் திராவகத்தை விட்டால் பேரியமும் அதோடு ரேடியமும் வண்டலாக அடியில் இறங்கும். புகை மூச்சை அடைக்கும் என்பதால் கொப்பரையை முற்றத்தில் வைத்துக் கிளறுவார். கிளறுகோல், ஏறக்குறைய அவர் உயரமுள்ள இரும்புக் கம்பி. நாள் முழுவதும் கிளறி, சாயந்தரம் நிற்க முடியாமல் சோர்ந்து போவார். ஒரு ரசாயனக் கம்பெனி முதல் கட்ட வேலையில் உதவிய பிறகே பளு சற்றுக் குறைந்தது. ஒரு டன் கழிவு கடைசியில் எட்டுக் கிலோ உப்பாக நின்றது. அந்த எட்டுக் கிலோவிலும் அநேகமாக எல்லாம் பேரியமே.

கஷ்டமான பகுதி இங்கேதான் தொடங்குகிறது. பேரியமும் ரேடியமும் அக்காள் தங்கை மாதிரி. எந்தத் திராவகத்தில் ஒன்று கரைகிறதோ அதில் மற்றொன்றும் கரையும். ஒன்று வண்டலானால் மற்றொன்றும் வண்டலாகும். இரண்டையும் பிரிக்க ஒரே ஒரு வித்தியாசம்தான் கிடைத்தது. ரேடியம் குளோரைடு தண்ணீரில் சற்றுக் குறைவாகக் கரையும்.

உப்பளம் பார்த்திருக்கிறீர்களா? கடல் நீர் வற்றும்போது ஒரு பதத்தில் உப்பு படிகமாக இறங்கும். கசப்பான மற்ற உப்புகள் நீரிலேயே நிற்கும். அந்தக் கசப்பு நீரை வடித்துவிடுவார்கள். ஏறக்குறைய இதே வித்தைதான். உப்பைக் கொதிக்கும் நீரில் கரைத்து ஆற வைத்தால் கொஞ்சம் படிகம் அடியில் படியும். அதில் ரேடியத்தின் பங்கு சற்று அதிகம். மேலே உள்ள நீரில் சற்றுக் குறைவு. படிகத்தை எடுத்து மறுபடியும் கரைக்க வேண்டும். மறுபடியும் ஆற வைக்க வேண்டும். மேல் நீரையும் வீணாக்கக் கூடாது. அதையும் வற்றவைத்துக் கீழ்ப்படிக் கிண்ணத்தோடு சேர்க்க வேண்டும். கிண்ணங்கள் வரிசை வரிசையாக நிற்கும். ஒவ்வொரு தடவையும் ரேடியம் ஒரு கிண்ணம் முன்னே போகும், பேரியம் ஒரு கிண்ணம் பின்னே போகும். இப்படி எண்ணி முடியாத தடவை!

தூய்மை கூடக் கூட அளவு குறைந்தது. அளவு குறையக் குறைய பயம் கூடியது. கொட்டகையில் நிலக்கரித் தூசும் இரும்புத் தூளும் பறந்துகொண்டே இருக்கும். பல வாரம் பாடுபட்டுச் சுத்தம் செய்த நீரில் அந்தத் தூசு விழுந்தால் மறுபடியும் கலவை! ஒரு கட்டத்தில் பியருக்கே மனம் தளர்ந்தது. நல்ல ஆராய்ச்சி சாலை கிடைக்கும் வரை இதை நிறுத்தி வைக்கலாமே என்றார். அம்மையார் கேட்கவில்லை.

1902-ல் முடிந்தது. கிண்ணத்தின் அடியில் நின்றது தூய ரேடியம் குளோரைடு, ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. சில அரிசி மணி எடை! அணு எடையைக் கணக்கிட்டு 225 என்றார். இன்று நுட்பமான கருவிகளால் கண்ட எண் 226. ஒழுகும் கொட்டகையில் எடுத்த கணக்கு எவ்வளவு கிட்டத்தில் வந்துவிட்டது பாருங்கள்.

இரவில் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, தம்பதிகள் இருவரும் சில நாள் கொட்டகைக்கு நடந்து வருவார்கள். விளக்கேற்ற மாட்டார்கள். இருட்டில் பலகைகளின் மேல் குழாய்களும் கிண்ணங்களும் மங்கலான நீல ஒளி வீசிக்கொண்டிருக்கும். ரேடியம் எப்போதும் தன்னைச் சுற்றியுள்ளதைவிடச் சூடாகவே இருக்கும். ஒரு மணி நேரத்தில் தன் எடையளவு பனிக்கட்டியை உருக்கிவிடும்.

அந்த ஒளி அவர்களுடைய உடம்பை அரித்துக்கொண்டிருந்தது. அம்மையாரின் விரல் நுனிகள் வெடித்து மரத்தன. பியர் வேண்டுமென்றே ரேடியத்தைத் தம் கையில் வைத்துப் பார்த்தார். தீப்புண் போல ஆகி ஆற வாரக்கணக்கில் ஆயிற்று. ஆரோக்கியமான தசையை எரிப்பது புற்று நோய்க் கட்டியையும் எரிக்கும் அல்லவா? வைத்தியர்கள் அப்படித்தான் ரேடியத்தைப் புற்று நோய்க்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். உடனே அதற்குக் கொள்ளை விலை வந்தது. எடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தால் கியூரி குடும்பம் கோடீசுவரக் குடும்பமாகி இருக்கும். அவர்கள் வாங்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் முறையை எழுதி அனுப்பினார்கள்.

1903-ல் அம்மையாருக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. அதே வருஷம் பௌதிக நோபெல் பரிசு பெக்கரலுக்கும் கியூரி தம்பதிகளுக்கும் பகிர்ந்து கிடைத்தது. முதலில் அம்மையார் பெயரை விட்டுவிடவே இருந்தார்கள். ஸ்வீடன் நாட்டுக் கணித அறிஞர் ஒருவர் செய்தி சொல்ல, பியர் எழுதிக் கேட்ட பிறகே அவர் பெயர் சேர்ந்தது. 1904-ல் இரண்டாவது பெண் ஈவ் பிறந்தாள்.

மறுபடியும் ஒரு சந்தேகம்

1906 ஏப்ரல் 19-ந் தேதி. பாரிசில் மழை. பியர் தெருவைக் கடக்கும்போது வழுக்கி விழுந்தார். பாரம் ஏற்றிய குதிரை வண்டியின் சக்கரம் தலையில் ஏறியது. அங்கேயே உயிர் போயிற்று.

அம்மையாருக்கு வயது 38. இரண்டு பெண் குழந்தைகள். அரசாங்கம் உதவித் தொகை தர முன்வந்தது. அவர் வேண்டாம் என்றார். உழைத்துச் சாப்பிடுகிறேன் என்றார். சோர்போனில் பியர் நடத்தி வந்த வகுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கே பாடம் சொன்ன முதல் பெண் அவரே. நவம்பர் 5-ந் தேதி மண்டபம் நிரம்பி வழிந்தது. கணவரைப் பற்றி ஏதாவது சொல்லுவார், கண்ணீர் விடுவார் என்று கூட்டம் காத்திருந்தது. அவர் பியர் கடைசியாக நிறுத்திய வாக்கியத்திலிருந்து பாடத்தைத் தொடங்கினார்.

அதே 1906-ல் மற்றோர் அடியும் விழுந்தது. பிரிட்டனின் மாபெரும் விஞ்ஞானி கெல்வின் பிரபு ஒரு பத்திரிகைக்கு எழுதினார். ரேடியம் மூலகமே அல்ல, ஈயமும் ஹீலிய வாயுவும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருளாக இருக்கலாம் என்றார். ரேடியத்திலிருந்து ஹீலியம் வருவதை விஞ்ஞானிகள் கண்டிருந்தார்கள். ஆகவே அவர் பேச்சை முற்றும் தள்ளவும் முடியாது. அப்படியானால் அம்மையார் நாலு வருஷம் கிளறியது எதற்காக?

அவர் பத்திரிகையில் பதில் எழுதிச் சண்டை போடவில்லை. மறுபடியும் கொதிக்க வைத்தார், படிகமாக்கினார். முன்னிலும் தூய ரேடியம் குளோரைடு எடுத்து அணு எடையை மறுபடியும் கண்டார். அதோடும் நிற்கவில்லை. ரேடியம் குளோரைடு இன்னும் ஒரு சேர்மம்தானே? அதிலுள்ள குளோரினையும் நீக்கி, ரேடியத்தைத் தனியாகக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தார்.

1910-ல் உடன் வேலை செய்த தெபியேர்ன் என்பவரோடு சேர்ந்து இதைச் செய்தார். பத்தில் ஒரு கிராம் அளவு உப்பின் கரைசலில் பாதரசத்தை வைத்து மின்சாரம் செலுத்தினார்கள். ரேடியம் பாதரசத்தோடு போய்ச் சேர்ந்தது. பிறகு அதை ஹைட்ரஜன் வாயுவுக்குள் வைத்து மெல்லச் சூடாக்கினார்கள். பாதரசம் ஆவியாகிப் போயிற்று. அடியில் வெள்ளி போலப் பளபளக்கும் ஒரு துளி உலோகம் நின்றது! ஏறக்குறைய 700 டிகிரி சூட்டில் உருகியது. காற்றுப் பட்டதும் கறுத்தது. தண்ணீரில் போட்டால் பொங்கியது. பேரியத்தின் உறவுக்கார உலோகம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருந்தது. கெல்வின் பிரபு அதைப் பார்க்க இல்லை, 1907-லேயே காலமாகிவிட்டார்.

ஆனால் 1911-ம் வருஷம் அவரைப் படுத்தியது. பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத் தேர்தலில் இரண்டே வோட்டில் தோற்றார். பெண் உள்ளே வரலாகாது என்று கூச்சல் போட்டவர்கள் உண்டு. வருஷக் கடைசியில் அவருடைய சொந்த வாழ்க்கையைப் பற்றிச் சில பத்திரிகைகள் தூற்றி எழுதின. அந்தச் சேற்றுக்கு நடுவில்தான் இரண்டாவது நோபெல் பரிசு வந்தது. இந்தத் தடவை ரசாயனத்துக்கு; பொலோனியத்தையும் ரேடியத்தையும் கண்டதற்கும், ரேடியத்தைப் பிரித்து எடுத்ததற்கும். பரிசு வாங்க ஸ்டாக்ஹோம் வராமலிருப்பது நல்லது என்று சிலர் சொல்லியும், அவர் நேரே போய் வாங்கினார். உலகத்தில் இரண்டு நோபெல் பரிசு பெற்ற முதல் ஆள் அவர்தான். அதே வருஷம் தம் கையால் ஏறக்குறைய 22 மில்லிகிராம் தூய ரேடியம் குளோரைடை நிறுத்துக் கண்ணாடிக் குழாயில் அடைத்தார். உலக நாடுகள் ரேடியத்தை அளக்க அதுவே படிக்கல் ஆயிற்று.

1914-ல் முதல் உலக யுத்தம் மூண்டது. எக்ஸ்ரே கருவி ஏற்றிய மோட்டார் வண்டிகளை ஏற்பாடு செய்து போர்முனைக்கு அனுப்பினார். மூத்த மகள் ஐரீனையும் அழைத்துக்கொண்டு தாமே போனார். உடம்புக்குள் குண்டு எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்லிச் சிப்பாய்களைக் காப்பாற்றினார்.

யுத்தம் முடிந்தபோது அவருடைய ஆராய்ச்சி சாலையில் ஒரு கிராம் ரேடியமே இருந்தது. ரேடியத்தைக் கண்டவருக்கு வேறு ரேடியம் வாங்கப் பணம் இல்லை! அமெரிக்கப் பெண்கள் ஒரு லட்சம் டாலர் திரட்டினார்கள். 1921 மே மாதம் ஜனாதிபதி ஹார்டிங் வெள்ளை மாளிகையில் ஒரு கிராம் ரேடியத்தை அம்மையாருக்கு வழங்கினார். முதல் நாள் இரவு தானப் பத்திரத்தைப் படித்த அம்மையார், வக்கீலைக் கூப்பிடச் சொன்னார். தம் பெயருக்கு எழுதினால் பிற்காலத்தில் மகள்களின் சொத்தாகிவிடும், ஆராய்ச்சி சாலைக்கே சேர வேண்டும் என்று மாற்றி எழுத வைத்தார். பிறகு அமெரிக்காவில் இரண்டாவது கிராமுக்கும் பணம் சேர்ந்தது. அது அவர் பிறந்த வார்ஸாவுக்குப் போயிற்று. 1932-ல் அங்கே ரேடியம் நிலையம் திறக்கப்பட்டது.

கண் மங்கிற்று, சத்திர சிகிச்சைகள் நடந்தன. காதில் ஓயாத இரைச்சல். 1934-ல் அவர் மகள் ஐரீனும் மருமகன் பிரெடெரிக் ஜோலியோவும் சாதாரண மூலகத்தைக் கதிர் வீசும் மூலகமாக மாற்றிக் காட்டினார்கள். அதை அம்மையார் கண்ணால் பார்த்தார். அவர்களுக்கு அடுத்த வருஷம் நோபெல் பரிசு கிடைத்தபோது அவர் இல்லை. 1934 ஜூலை 4-ந் தேதி பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலைப் பக்கத்து ஆரோக்கிய நிலையத்தில் காலமானார். எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுபோன நோய். கதிர்களே காரணம் என்றார்கள் வைத்தியர்கள்.

இன்று புற்று நோய் வைத்தியத்தில் அவர் எடுத்த ரேடியத்தின் இடத்தைப் பெரும்பாலும் வேறு கதிர்ப் பொருள்கள் பிடித்துக்கொண்டன. 1995-ல் பிரெஞ்சு அரசாங்கம் கியூரி தம்பதிகளின் உடல்களைப் பாரிசிலுள்ள பாந்தியோன் மண்டபத்துக்கு மாற்றியது. தம் சொந்தச் சாதனைக்காக அங்கே இடம் பெற்ற முதல் பெண்மணி அவர். அவருடைய ஆராய்ச்சிக் குறிப்புப் புத்தகங்கள் பாரிஸ் தேசிய நூலகத்தில் ஈயப் பெட்டிகளில் இருக்கின்றன. அவற்றின் ஏடுகளில் ஒட்டிய ரேடியம் பாதியாகக் குறையவே 1600 வருஷம் ஆகும்.